பனை வளர்கிற வரைக்கும்

தொபியாஸைக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கிவிட்டு ஊர் கைகால் கழுவித் திரும்பிய மறுநாள் காலையில், வெயில் கிழக்கேயிருந்து முகத்தில் அடித்துக்கொண்டிருக்கும்போதே, அவன் பெண்டாட்டி தெக்கிலாவின் நிழலும் கிழக்கே பார்த்து விழுந்து கிடந்தது. வாசல் தெளிக்க வந்தவள் வாளியோடு நின்றாள். திரும்பி நின்று பார்த்தாள், குனிந்து பார்த்தாள், முந்தானையை உதறிப் பார்த்தாள். நிழல் அசையவில்லை, கடற்கரையையே பார்த்துக் கிடந்தது. கடற்கரையில் அந்நேரம் மீன் ஏலம். ஏலத்தின் நடுவில் வெள்ளைச் சட்டையோடு நின்றவன் ஐஸ் கம்பெனி கஸ்பார். ஏலம் முடிந்து அவன் வடக்கே கம்பெனிக்கு நடக்க நடக்க, இங்கே இவள் வாசலில் நிழலும் கொஞ்சங் கொஞ்சமாக வடக்கே திரும்பியது. குடத்தோடு அந்தப் பக்கம் வந்த பொம்பளைகள் பார்த்தார்கள். "கஸ்பார் போற பக்கமே போகுதுட்டி" என்றாள் ஒருத்தி. "போவாதா பின்ன?" என்றாள் இன்னொருத்தி. குழாயில் தண்ணீர் வந்துவிட்டது, நிழலுக்கெல்லாம் நின்றால் குடம் நிறையாது என்று போய்விட்டார்கள்.

போவாதா பின்ன என்று அவள் கேட்டதற்குக் காரணம் ஊருக்கே தெரியும்.

நெடும்பார்த்துறைக்கு எதிரே கடலுக்கடியில் நீளமாக ஒரு பாறைத்திட்டு கிடக்கிறது. குருட்டுப்பார் என்று அதற்குப் பேர். மேலே ஒன்றும் தெரியாது, வள்ளத்தின் அடிவயிற்றைக் கிழித்த பிறகுதான் தெரியும். அதில் ஒரே ஒரு இடைவெளி உண்டு, அதன் வழியாகத்தான் கரைக்கு வரவேண்டும். செல்போனும் கருவியும் வராத காலம் அது. கரையில் இருக்கிற இரண்டு பொருளை ஒன்றுக்குப் பின்னால் ஒன்று வைத்துப் பார்த்து, கடலில் தான் இருக்கிற இடத்தைத் தெரிந்துகொள்வார்கள். கணியம் பார்க்கிறது என்பார்கள். நெடும்பார்த்துறைக்காரனுக்குக் கணியம், மணல்மேட்டில் ஒற்றையாய் நின்ற நெட்டைப் பனையும், அதற்குப் பின்னால் கோயில் கோபுரத்துச் சிலுவையும். பனையின் கொண்டை சிலுவையை மறைத்தால் இடைவெளிக்கு நேரே இருக்கிறாய், தைரியமாய் வா. அதே பனையை வேறு வேறு பொருளோடு சேர்த்து, மீன் கிடக்கிற இடத்துக்கு ஒவ்வொரு குடும்பமும் ஒரு கணியம் வைத்திருந்தது. அதை அடுத்தவனுக்குச் சொல்லமாட்டார்கள். தொபியாஸின் அப்பா வழியில் வந்த இடம்தான் இருக்கிறதிலேயே கொழுத்தது. வஞ்சிரமும் பாறைமீனும் அங்கே ஆள் வருகிறதுக்குக் காத்துக் கிடக்கிற மாதிரி கிடக்கும்.

கஸ்பார் அந்த இடத்தைக் கேட்டான். சிரித்துக் கேட்டான், சாராயம் வாங்கிக் கொடுத்துக் கேட்டான், கடைசியில் ஐஸ் கொடுக்கமாட்டேன் என்று மிரட்டிக் கேட்டான். தொபியாஸ், "அது எங்க அப்பன் சொத்து மச்சான்" என்று சொல்லிவிட்டான். "எனக்கு இல்லாத குறி அவனுக்கு எதுக்கு?" என்று கஸ்பார் ஐஸ் உடைக்கிறவர்கள் காதுபடச் சொன்னான். தொபியாஸ் கடலுக்குப் போயிருந்த ஒரு நாளில், லாரி வர ரோடு போடுகிறேன் என்று பனையை வெட்டிச் சாய்த்தான். ஊர் முணுமுணுத்தது. அதற்கு அவன், "பனைதானே வேணும், இந்தா" என்று மணல்மேட்டை விட்டுத் தள்ளி, கம்பெனி வாசலில் ஒரு நெட்டைக் கம்பத்தை நட்டு, வெட்டின பனையோலையையே அதன் உச்சியில் கட்டிவிட்டான்.

விடியக்கருக்கலில் தொபியாஸ் திரும்பி வந்தான். ஓலைக்கொண்டை தெரிந்தது, அதற்குப் பின்னால் சிலுவை மறைந்தது. அலைச் சத்தம் மாறுகிறதென்று காது சொல்லியிருக்கும். ஆனால் கணியம் ஒன்று சொன்னால் கடல்காரன் தன் காதையே நம்பமாட்டான், அப்படித்தான் அவன் அப்பனும் பாட்டனும் வளர்த்திருந்தார்கள். நேரே குருட்டுப்பாரில் ஏறினான்.

கம்பத்தைக் கஸ்பார் அன்றைக்கே பிடுங்கிவிட்டான். அடக்கப் பூசைக்குப் பெரிய மெழுகுவர்த்தி வாங்கிக் கொடுத்தான். ஐஸ் இல்லாமல் மீன் நாறும் என்கிறதால் ஊர் வாயைத் திறக்கவில்லை. "கடல் கொண்டுபோச்சு" என்று எல்லோரும் சொன்னார்கள். தொபியாஸை யாரும் கொல்லவில்லை, கடல் கொண்டுபோய்விட்டது.

தெக்கிலா என்ன செய்தாள் என்று கேட்டால், ஒன்றும் செய்யவில்லை. செய்யவேண்டாம் என்று இல்லை. அவளால் எதையும் தீர்மானிக்க முடியாது, பிறவியிலிருந்தே அப்படி. சாளையா அயிலையா என்று அவள் கூடைமுன் நின்றால் இரண்டும் விற்றுப்போகும். கல்யாணத்தன்று பீடத்துக்கு முன்னால் சாமியார் "சம்மதமா?" என்று கேட்டபோது அவள் யோசித்த யோசனையில் தொபியாஸுக்கு வேர்த்துக் கொட்டி, பின்வரிசையில் ஒரு கிழவர் தூங்கியே போனார். "தெக்கிலாட்ட வழி கேக்காத, நீயும் சேர்ந்து நிப்ப" என்று ஊரில் கேலி பேசுவார்கள். இப்போது அவளுக்கு வழி சொல்ல மூன்று பேர் இருந்தார்கள். "கத்தியை எடுட்டி" என்றாள் மாமியார் சவேரியம்மா. "மன்னித்துவிடு மகளே" என்றார் சாமியார். "எங்கூட வந்துரு, இந்த ஊரு வேண்டாம்" என்று அண்ணன் தூத்துக்குடியிலிருந்து சொல்லிவிட்டான். மூன்றுமே அவளுக்குச் சரியென்று பட்டது. காலையில் மீன் வெட்டுகிற கத்தியைத் தீட்டுவாள், மத்தியானம் கோயிலில் முழங்கால் போடுவாள், சாயங்காலம் பெட்டியில் துணியை அடுக்குவாள், ராத்திரிக்குள் எடுத்து வெளியே வைத்துவிடுவாள். நிழல் மட்டும் மனம் மாறாமல் கஸ்பாரையே காட்டிக்கொண்டு கிடந்தது.

ஊர் அந்த நிழலுக்குப் பழகிக்கொண்டது. பழகினது மட்டுமல்ல, புழங்கவும் ஆரம்பித்தது. கஸ்பாரைப் பார்க்கவேண்டியவர்கள் கம்பெனிக்கு வீணாக நடக்காமல், தெக்கிலா வாசலில் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஐஸ் கம்பெனி ஆட்கள், முதலாளி வருகிறானா என்று பார்க்க ஒருவனை அவள் தெருமுனையில் உட்கார வைத்துவிட்டு, குளிர்ந்த சாக்கின்மேல் படுத்துத் தூங்கினார்கள். கருவாடு காயப்போடுகிற பொம்பளைகள், "ஏட்டி தெக்கிலா, உன் நிழலு என் நெத்திலி மேல விழுது, அந்தாளு வடக்கே போறவரைக்கும் கொஞ்சம் தள்ளி நில்லு" என்றார்கள். கஸ்பாரின் பெண்டாட்டி எஸ்கலின்கூட ஒருநாள் மத்தியானம் குடையோடு வந்து, "யக்கா, சும்மா ஒரு நிமிசம் வெயில்ல வந்து நில்லுங்களேன்" என்று கேட்டாள். தெக்கிலா வந்து நின்றாள். நிழல் கம்பெனியைக் காட்டவில்லை, மேலத்தெருவில் ஒரு மாடிவீட்டைக் காட்டியது. எஸ்கலின் அதைக் கண்ணால் அளந்து பார்த்தாள். "சரிக்கா" என்று குடையை மடக்கி, மேலத்தெருவைப் பார்த்து நடந்தாள். அன்றைக்குக் கஸ்பார் கன்னம் வீங்கி, பல்வலி என்று சொல்லிக்கொண்டு திரிந்தான்.

சாமியார்கூடப் பூசையில், "நம் ஒவ்வொருவர் நிழலும் ஆண்டவரைப் பார்த்து விழட்டும்" என்று பிரசங்கம் வைத்தார். பூசை முடிந்து தெக்கிலாவைக் கூப்பிட்டு, வெயில் படாத பக்கத்து வரிசையில் உட்காரும்படி தாழ்ந்த குரலில் கேட்டுக்கொண்டார்.

கஸ்பாருக்கு முதலில் அது தமாஷாக இருந்தது. ஒருநாள் ஏலத்தில் கூட்டம் நிறைந்திருக்க, மீன்கூடையோடு நின்ற தெக்கிலாவைச் சுற்றி அவன் நடக்க ஆரம்பித்தான். அவன் சுற்றச் சுற்ற, செக்குமாட்டுக்குப் பின்னால் உலக்கை சுற்றுகிற மாதிரி அவள் காலடியில் நிழல் சுற்றியது. "பாருங்கல, நான் நடந்தா மணி ஓடுது! நின்னா நிக்குது!" என்று நின்று காட்டினான், பின்பக்கமாய் நடந்து காட்டினான். ஏலக்காரர்கள் சிரித்தார்கள். சிரிக்கிறதா வேண்டாமா என்று தெரியாதவர்களும், நாளைக்கு ஐஸ் வேண்டுமே என்று சிரித்தார்கள். தெக்கிலா நடுவில் நின்றாள். துப்பலாமா, கூடையை அவன் தலையில் கவிழ்க்கலாமா, போய்விடலாமா என்று மூன்றும் அவள் மனதில் முட்டிக்கொள்ள, அவன் சுற்றி முடித்துப் போகிறவரைக்கும் அப்படியே நின்றாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து கத்தியைத் தீட்டியதில் கத்தி பாதியாய்த் தேய்ந்தது.

"ஒனக்கு அந்த நெழல் பத்தாதாட்டி? இன்னும் யாரு வந்து வழி காட்டணும்?" என்றாள் சவேரியம்மா.

"நெழல் ஆளைத்தான் காட்டுது மாமி. என்ன செய்யணும்னு காட்ட மாட்டேங்குதே" என்றாள் தெக்கிலா.

அப்படியிருக்கையில் ஒருநாள் காலையில் நிழல் கிழக்கே விழுந்தது. ஏலம் நடக்கிறது போல என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். கடற்கரைக்குப் போய்ப் பார்த்தால், ஏலம் முடிந்து காக்கைகள்தான் நிற்கின்றன. நிழல் அவள் காலடியிலிருந்து ஈரமணலைக் கடந்து, நுரையைக் கடந்து, தண்ணீர்மேல் கிடந்தது. கஸ்பார் கடலுக்குள் இருக்கிறான். தொபியாஸின் இடத்தைத் தானே தேடிக் கண்டுபிடிக்கிறேன் என்று, ஒருத்தரையும் சேர்த்துக்கொள்ளாமல் விடியுமுன்னே வள்ளத்தில் மோட்டாரை மாட்டிக்கொண்டு போயிருக்கிறான். கடல்மேல் வெள்ளையாக மூடுபனி இறங்கியிருந்தது. கரையில் வெயில், அங்கே ஒன்றும் தெரியாது. நிழல் மெதுவாகத் தெற்கே நகர்ந்தது. பிறகு நின்றுவிட்டது. எந்த இடத்துக்கு நேரே நின்றது என்று அவளுக்குத் தெரியும். தொபியாஸைத் தூக்கிவந்த இடம் அது.

சற்று நேரத்தில் ஒரு பலகை அலையில் வந்து ஒதுங்கியது. கஸ்பாரின் வள்ளத்தில் பூசின பச்சைச் சாயம் அதில் இருந்தது.

தெக்கிலா வீட்டுக்கு நடந்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அடுப்பைப் பற்றவைத்து உலை வைத்தாள். புளிக்குழம்பா தேங்காய்க் குழம்பா என்று தினம் அரை நாழி நிற்கிறவளுக்கு, அன்றைக்குக் கை தானாகப் போய்ப் புளியை எடுத்துக் கரைத்தது. நிழல் வேண்டுமென்றால் வெயில் வேண்டும். கூரைக்குக் கீழே இருந்துவிட்டால் அவளும் எல்லோரையும் போலத்தான்.

வள்ளங்கள் போய் மூடுபனியில் முட்டிவிட்டுத் திரும்பிவந்தன. அதற்குப் பிறகுதான் ஊருக்கு அவள் ஞாபகம் வந்தது. வாசலில் கூட்டம் கூடியது. ஊர்த்தலைவர் ரபேல், கடலில் மூத்தவர், கதவைத் தட்டினார்.

"தாயி, கொஞ்சம் வெளியே வந்து நில்லு. வேற ஒண்ணும் வேண்டாம்."

"சோறு வடிக்கேன் மாமா."

"ஒரு உசுரு தாயி."

"ஆமா. போன தடவையும் ஒண்ணுதான்."

சவேரியம்மா உள்ளே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, மருமகளை ஏற இறங்கப் பார்த்தாள். "இன்னைக்குத்தாம்ட்டி நீ என் வீட்டுக்கு வந்திருக்க" என்றாள்.

பிறகு எஸ்கலின் வந்தாள். அவள் தட்டவில்லை, கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு பேசினாள். "யக்கா, அவரு செஞ்சது எனக்குத் தெரியும். நான் மறைச்சேன். வந்து நில்லுங்கன்னு கேக்க எனக்கு வாயில்ல. ஆனா வீட்டில ரெண்டு பொட்டப்பிள்ளைய இருக்கு. செத்துட்டாருன்னா ஏதாவது ஒரு நல்ல வார்த்தை சொல்லி அடக்கம் பண்ணிருவாங்க, கடல் கொண்டுபோச்சுன்னு..."

தெக்கிலா கரண்டியைக் கீழே வைத்தாள்.

கடல் கொண்டுபோச்சு. அதே வார்த்தை. அவனுக்கும் அதே மெழுகுவர்த்தி எரியும், அதே பாட்டுப் பாடுவார்கள், தொபியாஸுக்குப் பக்கத்திலேயே குழி வெட்டுவார்கள், கடலில் போன இரண்டு பேர் என்று வருசா வருசம் சேர்த்துப் பூசை வைப்பார்கள். கொன்றவனும் செத்தவனும் ஒரே சாவு செத்தவர்களாகிவிடுவார்கள். நெஞ்சில் இத்தனை நாள் முட்டிக்கொண்டு நின்ற மூன்று வழியும் ஒரேயடியாய் விலகிப்போய், நடுவில் அவளுடைய வழி, ஒருத்தரும் சொல்லித்தராதது, வெறுமனே கிடந்தது.

"தொபியாஸ் செத்த சாவை இவனுக்குக் குடுக்கவா?" என்று எழுந்தாள். "மாட்டேன்."

"ஏட்டி, எங்க போற?" என்று சவேரியம்மா கத்தினாள். "காப்பாத்தவா போற? அவனையா?"

"சாவு ஒரு நிமிச வேலை மாமி. அவனுக்கு நான் அவ்வளவு சின்னதா வைக்கல."

அந்தக் கரையில் பொம்பளை வள்ளத்தில் கால் வைத்ததில்லை. தெக்கிலா சேலையைச் சொருகிக்கொண்டு ரபேலின் வள்ளத்தில் ஏறி முன்னால் நின்றாள், ஆட்கள் வள்ளத்தைத் தள்ளினார்கள். அவள் நின்ற இடத்திலிருந்து நிழல் தண்ணீர்மேல் நீண்டது. மூடுபனிக்குள் வெயில் மங்கினாலும் நிழல் மங்கவில்லை. வெள்ளைக்குள் போட்ட கறுப்புக் கோடு மாதிரி முன்னால் ஓடியது. ரபேல் அதன்மேலேயே வள்ளத்தைச் செலுத்தினார்.

குருட்டுப்பாரின் மேல் கஸ்பார் நின்றிருந்தான். நெஞ்சளவு தண்ணீர், அலை வரும்போது கழுத்தளவு. உதடு வெளுத்திருந்தது. வள்ளத்தைப் பார்த்ததும் கையை உயர்த்தி அழுதான். தெக்கிலா கையைக் காட்ட, வள்ளம் அவன் கைக்கு எட்டாத தூரத்தில் நின்றது.

"தங்கச்சி, கயிறைப் போடு தங்கச்சி!"

"யாருக்குத் தங்கச்சி?" என்றாள். "கஸ்பார், அந்தக் கம்பத்தில ஓலையைக் கட்டினது எதுக்கு? இவங்க கேக்கச் சொல்லு."

"ஊருக்குக் குறி வேணுமேன்னு..."

"மாமா, வள்ளத்தைத் திருப்புங்க."

"அவன் இடம் தெரியாம அலையணும்னுதான்!" என்று கஸ்பார் கத்தினான். வாயில் தண்ணீர் புகுந்தது, துப்பினான். "அவன் கணியம் கெட்டுப் போகணும்னுதான் வெட்டினேன், கட்டினேன்! பாருல ஏறுவான்னும் தெரியும்! தெரியும்! போதுமா?"

வள்ளத்தில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"போதாது" என்றாள் தெக்கிலா. "மணல்மேட்டில, நீ வெட்டின பனை நின்ன இடத்தில, இன்னைக்கு நான் ஒரு பனங்கொட்டையை ஊன்றப் போறேன். பக்கத்தில பரண் கட்டுவோம். விடியுமுன்னே அதில ஏறி, கையில விளக்கைப் பிடிச்சிக்கிட்டு நீ நிக்கணும். கடைசி வள்ளம் கரை ஏறினப்புறம்தான் இறங்கணும். மழைன்னாலும், காய்ச்சல்னாலும், உன் மக கல்யாணம்னாலும்."

"எத்தனை நாளைக்கு?"

"பனை வளர்ற வரைக்கும்."

கஸ்பாருக்குப் பனையைத் தெரியும். நட்டவன் ஏறிப் பார்த்ததில்லை என்கிற மரம். அவன் கடலைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அந்தக் கரையில், கடல்தண்ணீரைக் கையில் அள்ளிச் சொன்ன சொல்லை யாரும் தாண்டமாட்டார்கள். தாண்டினவன் வள்ளத்தை அடுத்தவன் தொடமாட்டான், அவன் வீட்டு மீனைப் பூனையும் தின்னாது. கஸ்பார் கையில் தண்ணீரை அள்ளி, மாதாமேல் ஆணையாகச் சொன்னான். அதற்குப் பிறகுதான் கயிறு விழுந்தது.

அவன் நிற்க ஆரம்பித்தான். முதல் வாரம் ஊரே விடியலில் வந்து வேடிக்கை பார்த்தது, பிறகு பழகிக்கொண்டது. இருட்டோடு தெக்கிலா தன் வாசலில் விளக்கை முதுகுப்பக்கம் வைத்துவிட்டு நிற்பாள், நிழல் மணல்மேட்டைக் காட்டுகிறதா என்று பார்ப்பாள். ஒருநாள் தடுமன் என்று அவன் போர்வைக்குள் கிடந்தான். நிழல் அவன் வீட்டைக் காட்டியது. எஸ்கலினே போர்வையை உருவி, "போங்க, அக்கா பாத்துட்டாங்க" என்று தள்ளிவிட்டாள். கம்பெனியை அவள்தான் இப்போது நடத்துகிறாள், ஐஸ் எல்லோருக்கும் ஒரே மாதிரி போகிறது. கரைக்குத் திரும்புகிறவர்கள் கஸ்பாரின் தலை சிலுவையை மறைக்கிறதா என்று பார்த்து உள்ளே வந்தார்கள். "கஸ்பார்ல வந்தோம்" என்றே சொன்னார்கள். பனங்கொட்டை முளைவிட்டு விரல் உயரம் வந்தபோது, அவன் பரணில் நின்று குனிந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான் என்று சொன்னார்கள். தண்ணீர்கூட ஊற்றினானாம். ஊற்றட்டும்.

அண்ணன் தூத்துக்குடியிலிருந்து திரும்பவும் ஆள் அனுப்பினான். தெக்கிலா, "வரல, எனக்கு இங்க வேலை கிடக்கு" என்று நின்ற நிலையிலேயே சொன்னாள். வந்த ஆளுக்கே ஆச்சரியம்.

வேலை என்னவென்றால் இதுதான். ரபேலிடம் பழைய வள்ளம் ஒன்று கவிழ்ந்து கிடந்தது. அதைக் கேட்டு வாங்கி, ஓட்டை அடைத்து, பக்கத்து வீட்டுக்காரியையும் சவேரியம்மாவின் தங்கச்சி மகளையும் சேர்த்துக்கொண்டு, ஒரு காலையில் தெக்கிலா கடலுக்குப் போனாள். தொபியாஸ் தன் இடத்தைக் கல்யாணமான புதிதில் அவளுக்கு மட்டும் சொல்லியிருந்தான். பனை இல்லாததால் இத்தனை நாள் அதைக் கண்டுபிடிக்க முடியவில்லை. இன்றைக்குக் கரையைத் திரும்பிப் பார்த்தாள். மணல்மேட்டில், பரணில், கையில் விளக்கோடு கஸ்பார் நின்றிருந்தான். அவன் உயிரை விட்டுத் தேடிய இடத்துக்கு அவனே குறியாக நிற்கிறான். அவன் நிற்கிற இடத்திலிருந்து கடலைப் பார்த்தால் எங்கும் வெறும் தண்ணீர்தான்.

"மைனி, இன்னும் போவணுமா?" என்றாள் சவேரியம்மாவின் தங்கச்சி மகள்.

தெக்கிலா கையை நெற்றியில் வைத்து, கஸ்பாரின் தலையைத் தெற்கே தெரிந்த உப்பளத்துக் கூரையோடு ஒட்டவைத்துப் பார்த்தாள். கொஞ்சம் விலகியிருந்தது. துடுப்பை ஒரு இழுப்பு இழுத்தாள். ஒட்டிக்கொண்டது.

"இங்கதான்" என்றாள். "வலையைப் போடு."